சித்தியவானில் நிறுத்தாதே

பெரியக்காவின் செய்தி வந்தபோது நான் வேனின் பின்சீட்டில் ஒரு பிள்ளையின் வாந்தியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஈப்போவில், குனோங் ராபாட் பக்கம் பத்தொன்பது வருடமாகப் பள்ளி வேன் ஓட்டுகிறேன். வாந்தி எனக்குப் புதிதல்ல. கையைக் கழுவிவிட்டுப் போனை எடுத்துப் பார்த்தேன்.

"சனிக்கிழமை காலையில ஆறு மணிக்கு கேஎல் ஏர்போர்ட்ல இறங்குறேன். ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒம்பதுக்குப் பெர்த் பிளைட். நடுவுல முப்பத்தொம்பது மணி நேரம் இருக்கு. ஹோட்டல்ல படுத்துத் தூங்க எனக்கு இஷ்டமில்ல. ஈப்போவுக்கு வந்துர்றேன். கடலோரமா ஒரு ரவுண்டு போலாமா?" அதற்குக் கீழே தனியாக இன்னொரு வரி இருந்தது. "சித்தியவான்ல நிறுத்தாதே."

பெரியக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். பத்தொன்பது வயதில் நர்ஸ் படிப்புக்கு இங்கிலாந்து போனவர், அங்கேயே வேலை பார்த்து, கல்யாணம் கட்டி, இப்போது ஓய்வும் பெற்றுவிட்டார். பெர்த்தில் இருக்கும் மகளுக்கு இது பிரசவ மாதம். அங்கே போகிற வழியில்தான் இந்த இறங்கி ஏறுதல். சித்தியவானில் இருப்பவன் எங்கள் தம்பி, மூன்று பேரில் கடைக்குட்டி. லுமுட்டில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வெல்டராக இருக்கிறான். அவனும் பெரியக்காவும் பேசிக்கொண்டு இரண்டு வருடம் ஆகிவிட்டது. சொந்தத்தில் யாரைக் கேட்டாலும், தம்பி மகள் கல்யாணத்தில் வந்த மனஸ்தாபம் என்பார்கள். மனஸ்தாபத்துக்குக் காரணம் நான். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போது, ஒரு புதன்கிழமை பகல் பன்னிரண்டே காலுக்குத் தம்பியும் அவன் மனைவியும் தட்டோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். பன்னிரண்டே முக்காலுக்கு நான் சிலிபினில் காலைப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்ற வேண்டும். கையில் வேன் சாவி. என் வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். தட்டில் எல்லாமே இரண்டிரண்டாக இருந்தது. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பத்திரிகை. ஒரு பங்கை எனக்குக் கொடுத்து அழைத்தான். இன்னொரு பங்கை எடுத்து என் கையில் வைத்தான்.

"சின்னக்கா, இது பெரியக்காவுக்கு. அவங்க வீட்டுக்கு நான் பிளைட் ஏறிப் போக முடியாதுலா. உன் கையில குடுத்தா அவங்க கையில குடுத்த மாதிரி. இன்னைக்கே போன் போட்டு, உங்களுக்கு வெத்தல பாக்கு வச்சாச்சுன்னு சொல்லிடு. மறந்துறாத."

எங்களிடம் அப்படி ஒரு முறை உண்டு. தூரத்தில் இருக்கும் மூத்தவர்களுக்கு வைக்க வேண்டிய வெற்றிலை பாக்கைப் பக்கத்தில் இருக்கும் உடன்பிறப்பு வீட்டில் வைத்துவிட்டுப் போவார்கள். வாங்கிக்கொண்டவர் உரியவரிடம் சொல்வார். உரியவர் கல்யாண வீட்டைக் கூப்பிட்டு, கிடைத்தது, வருகிறேன் என்பார். நடுவில் இருப்பவருக்கு ஒரே ஒரு வேலைதான். வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

"சரி சரி, சொல்லிடுறேன், எனக்கு டைம் ஆச்சு" என்று இருவரையும் ஏறக்குறைய வெளியே தள்ளினேன். ஒரு கப் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அன்றைக்கென்று பார்த்து வேனின் பெல்ட் அறுந்து நடு ரோட்டில் நின்றது. பதினொரு பிள்ளைகளின் தாய்மார்கள் வரிசையாகப் போன் போட்டுத் திட்டினார்கள். வீட்டுக்கு வரும்போது எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. இரண்டு பத்திரிகையையும் ஷோகேஸ் டிராயருக்குள் போட்டேன். வெற்றிலையைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொன்றாக எடுத்து மூன்று நாளில் மென்று தீர்த்தேன். பெரியக்காவின் பங்கையும் சேர்த்துத்தான்.

நான் சொல்லியிருப்பேன் என்ற நம்பிக்கையில் தம்பி இரண்டு நாள் கழித்துப் பத்திரிகையைப் படம் பிடித்துப் பெரியக்காவின் போனுக்கு அனுப்பினான். மண்டபத்துக்கு வழி தெரிய வேண்டுமே என்று அனுப்பியது அது. அக்காவுக்கோ அது மட்டும்தான் வந்தது. மூத்த அத்தை அவர். பெண்ணுக்கு முதல் நலங்கு வைக்க வேண்டியவர். தூக்கி வளர்த்த தம்பி போனில் ஒரு படம் அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கிறான். அக்கா ரோஷக்காரர், யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு 'லீவு கிடைக்கல' என்று ஒரு வரி அனுப்பினார், நானும் நம்பிவிட்டேன். தம்பி அவருடைய போனுக்காகக் காத்திருந்தான். அது வரவேயில்லை. மண்டபத்தில் முதல் நலங்கை நான்தான் வைத்தேன்.

ஒரு மாதம் கழித்து அக்கா போனில் வெடித்தார். "நான் என்னடி அவனுக்கு? பட்டறையில கூட வேலை செய்யிற ஆளா? மத்தவங்களுக்கெல்லாம் தட்டு, எனக்கு மட்டும் போன்ல படம்." போனைக் காதில் வைத்தபடியே நான் ஷோகேஸ் டிராயரைத் திறந்தேன். மூலையில் மஞ்சள் தடவிய இரண்டாவது பத்திரிகை அப்படியே கிடந்தது. அந்த நிமிடமாவது சொல்லியிருக்க வேண்டும். "விடுங்கக்கா, அவன் சுபாவம் அப்படி" என்றேன். என்ன வாய் பாருங்கள், என் வாய்.

பிறகு தம்பியும் வந்து புலம்பினான். "முறையா வச்சுக் கூப்பிட்டேன் சின்னக்கா. ஒரு போன் பண்ணக்கூட அவங்களுக்கு மனசு வரல." அவனுக்கும் தலையை ஆட்டினேன். நாளைக்குச் சொல்லலாம், தீபாவளி கழியட்டும், பள்ளி விடுமுறை வரட்டும் என்று இரண்டு வருடத்தை ஓட்டிவிட்டேன். நாள் ஆக ஆகச் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது.

எங்கள் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். விடியுமுன்னே கிளம்பிவிடுவார். கைக்குழந்தையாக இருந்த தம்பியைக் குளிப்பாட்டி, பால் கலக்கிக் கொடுத்து, ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் பெரியக்கா பள்ளிக்கு ஓடுவார். அவருக்கு அப்போது பதின்மூன்று வயது. அந்தத் தம்பியோடுதான் அவர் பேசாமல் இருந்தார். இப்போது பெர்த்தில் பேரப்பிள்ளை வரப்போகிறது, அங்கேயே தங்கிவிடலாம் என்ற பேச்சும் இருந்தது. இந்த முப்பத்தொன்பது மணி நேரத்தை விட்டால் இவர்கள் இருவரையும் ஒரே அறையில் உட்கார வைக்க எனக்கு வேறு வாய்ப்புக் கிடைக்காது என்று தெரிந்தது.

திட்டம் போடுவதில் நான் கெட்டிக்காரி. எந்தப் பிள்ளையை எந்த நிமிடத்தில் எந்தச் சந்தில் ஏற்ற வேண்டும் என்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு பழைய பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில் கோடு கிழித்தேன். ஞாயிறு விடியற்காலை ஈப்போவிலிருந்து தெலுக் பாத்திக் கடற்கரை. அங்கிருந்து ஈப்போவுக்குத் திரும்பாமல், லெக்கீர், தெலுக் இந்தான், சபாக் பெர்ணம், செகிஞ்சான் என்று பழைய கடலோரச் சாலையைப் பிடித்து நேராக ஏர்போர்ட். அக்காவுக்குக் கடலோரமும் ஆயிற்று, பயணமும் ஆயிற்று. போகும்போது புருவாஸ் பக்கமாகச் சுற்றிப் போய்ச் சித்தியவானைத் தவிர்க்கலாம். திரும்பித் தெற்கே இறங்கும்போது தவிர்க்க முடியாது. தம்பி வீடு லெக்கீர் போகிற அந்தச் சாலையிலேயே இருக்கிறது. வீட்டுக்கு எதிரே ஒரு பெட்ரோல் ஸ்டேஷன்.

"பத்து மணிக்கு டாய்லெட்" என்று எழுதினேன்.

என் வீட்டுக்காரர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "டாய்லெட்டுக்குப் போயிட்டு அப்புறம்?"

"அப்புறம் வேன் ஸ்டார்ட் ஆகாது."

"நல்லாத்தான் இருக்கு. உங்க அக்கா முப்பது வருஷத்துக்கு மேல ஆஸ்பத்திரியில இருந்தவங்க. வலிக்காமலே வலிக்குதுன்னு சொன்னவங்கள எத்தன பேரப் பாத்திருப்பாங்க. உன் நடிப்பு அவங்ககிட்ட செல்லுமா, போலே ஜாலானா?" என்று சிரித்தார். அவருக்கும் என் ரகசியம் தெரியாது. இரண்டு பேரையும் சமாதானம் செய்யப் பார்க்கிறேன் என்றுதான் நினைத்திருந்தார்.

தம்பிக்குப் போன் போட்டேன். "ஞாயித்துக்கிழமை காலையில வீட்டுல இருப்பியாடா? பெரியக்கா வாராங்க. தெலுக் பாத்திக் போறோம்."

"வரட்டும். கதவு தொறந்துதான் இருக்கும். ஆனா நான் கூப்பிட மாட்டேன் சின்னக்கா. ஒரு தடவ வெத்தல வச்சுக் கூப்பிட்டேன், அவங்க மதிக்கல. இன்னொரு தடவ கெஞ்ச மாட்டேன்."

"சரிடா" என்று வைத்துவிட்டேன். சொல்ல வேண்டியதை அப்போதும் சொல்லவில்லை.

சனிக்கிழமை மதியம் ஈப்போ ரயில் நிலையத்தில் அக்கா வந்து இறங்கினார். பேன்ட், முழங்கை வரை மடித்த சட்டை, வெட்டிய நரைமுடி. என்னைக் கட்டிக்கொண்டு, "குண்டாயிட்டடி" என்றார். வீட்டில் கருவாட்டுக் குழம்பும் கீரையும் சமைத்து வைத்திருந்தேன். இரண்டு தட்டு சாப்பிட்டார். அரை மணி நேரம் சோபாவில் கண்ணை மூடியவர், எழுந்து மேசைக்கு வந்து மூக்குக் கண்ணாடியை மாட்டினார்.

"எங்க உன் பிளான்? கொண்டா."

கொடுத்தேன். நோயாளியின் அட்டையைப் படிப்பதுபோல வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். "அஞ்சரைக்குக் கிளம்புறது. ஏழே காலுக்குத் தெலுக் பாத்திக். ஒம்பதரைக்குப் புறப்பாடு. பத்து மணிக்கு டாய்லெட்." விரல் நின்றது. "ஒம்பதரைக்குத்தானே கடற்கரையில இருந்து கிளம்புறோம். அங்க டாய்லெட் இல்லையா?"

"இருக்கு. ஆனா சுத்தமா இருக்காது."

"இது எங்க இருக்குற டாய்லெட்?"

"லெக்கீர் போற ரோட்டுல. ஒரு பெட்ரோல் ஸ்டேஷன்."

"அவன் வீட்டுக்கு எதுத்தாப்புல இருக்கே, அதுவா?"

அக்கா தாளை மேசையில் வைத்தார். "நான் உனக்கு ஒரே ஒரு விஷயந்தான் சொன்னேன். அங்க நிறுத்தாதேன்னு சொன்னேன். கூப்பிடாத வீட்டுக்கு நான் போக மாட்டேன். எனக்கும் மானம் ரோஷம் எல்லாம் இருக்கு."

"அவன் கூப்பிட்டான்கா" என்றேன். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. புதன்கிழமை, தட்டு, வேன் சாவி, அறுந்த பெல்ட், டிராயர் எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாகக் கொட்டினேன். வீட்டுக்காரர் தெ தாரிக் தேநீர்க் கப்போடு அடுப்படி வாசலில் அசையாமல் நின்றார்.

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"வச்சானா?"

"வச்சான்கா."

"தட்டு வச்சா?"

"தட்டு வச்சுத்தான். ரெண்டு பேரும் ஜோடியா வந்து வச்சாங்க. பத்திரிகையில மஞ்சள் தடவி இருந்துச்சு."

"எத்தன வெத்தல?"

"எண்ணல. அஞ்சு இருக்கும்."

"எங்க அது?"

"நான் தின்னுட்டேன்."

வீட்டுக்காரருக்குப் புரையேறியது. அக்கா அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தார். தோட்டத்தில் விடியற்காலை ஆளெண்ணும் பெரட்டுக்குக் கூப்பிடுவார்களே, அந்தக் குரல் அவருக்கு. குனோங் ராபாட்டில் எங்கள் வரிசை வீடுகள் அத்தனைக்கும் கேட்டிருக்கும். "ரெண்டு வருஷம்டி. ரெண்டு வருஷமா என் பிள்ளைய நான் வஞ்சுக்கிட்டு இருந்திருக்கேன். ராத்திரி படுத்தா அவன் மூஞ்சிதான் வரும். கொழுப்பெடுத்த பயன்னு நெனச்சுக்கிட்டுத் திரும்பிப் படுப்பேன். நீ வெத்தலையத் தின்னுட்டுச் சும்மா இருந்திருக்க." திட்டிக்கொண்டே வந்தவர் பாதியில் அழுதுவிட்டார். தம்பியை அவர் என் பிள்ளை என்று சொன்னது எனக்கு உறைத்தது. நானும் அழுதேன். மன்னிப்புக் கேட்டேன். எத்தனை தடவை கேட்டேன் என்று தெரியாது.

அக்கா எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். "போ. வெத்தல வாங்கிட்டு வா."

"இப்பவா?"

"இப்பத்தான். அவன் எனக்குன்னு குடுத்தது உன்கிட்ட இருக்கு. அத முறையா என் கையில குடு. வாங்காம நான் அவன் வாசப்படி ஏற மாட்டேன்."

லிட்டில் இந்தியாவுக்கு வேனை விரட்டிக்கொண்டு போனேன். சனிக்கிழமை மாலைக் கூட்டம். பூக்கடை அக்காவிடம் நல்ல கொழுந்து வெற்றிலையாகப் பார்த்துக் கேட்டேன். "கல்யாணமாக்கா?" என்றார். "ஆமாம், ரெண்டு வருஷம் முன்னாடி" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வெற்றிலையைச் சுருட்டிக் கொடுத்தார்.

வீட்டில் தட்டை எடுத்து, டிராயரிலிருந்து அந்தப் பழைய பத்திரிகையை வைத்து, நானும் வீட்டுக்காரரும் அக்கா முன்னால் நின்றோம். தம்பிக்காக நான் சொல்ல வேண்டும். "உங்க தம்பி மகளுக்குக் கல்யாணம். நீங்க முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும்" என்றேன். அந்தப் பெண் கல்யாணமாகி ஜொகூரில் குடும்பம் நடத்துகிறாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை. பேன்ட் போட்டிருந்தவர் என் துண்டு ஒன்றை எடுத்துத் தோளில் சுற்றிப் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "வாரேன்னு சொல்லு" என்றார். பிறகு பேனாவை எடுத்து என் திட்டத்தில் டாய்லெட்டை அடித்துவிட்டு, அந்த இடத்தில் 'தம்பி வீடு' என்று எழுதினார்.

நாளைக்குத் தம்பியிடம் நானே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் தாளை மடித்து என் கையில் கொடுத்தார்.

மறுநாள் விடியற்காலை அக்காவும் நானும் மட்டும் கிளம்பினோம். தெலுக் பாத்திக்கில் கடல் அலையே இல்லாமல் கிடந்தது. அக்கா பேன்டை மடித்துவிட்டுக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்தார். நான் கடையில் தாப்பாவ் கட்டிக்கொண்டு வந்த நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைப் பாயில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மரத்திலிருந்து ஒரு குரங்கு இறங்கி வந்து அவருடைய முட்டையைத் தூக்கிக்கொண்டு போனது. அதற்குக்கூட அவர் கோபப்படவில்லை, கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டரைக்கு எழுந்து மணலைத் தட்டினார். "கடல் போதும். கிளம்பு." என் திட்டப்படி இன்னும் ஒரு மணி நேரம் பாக்கி இருந்தது. பத்தொன்பது வருடத்தில் நேரத்துக்கு முன்னால் நான் வேனை எடுத்தது அன்றைக்குத்தான்.

தம்பி கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். ஞாயிற்றுக்கிழமையில் இஸ்திரி போட்ட சட்டை. "வாங்கக்கா" என்றான், பையை வாங்கிக்கொண்டான். அவன் மனைவி இறால், நண்டு, மீன் என்று மேசையை நிரப்பியிருந்தாள். காலை ஒன்பதரைக்கு நண்டு. அக்கா உட்கார்ந்ததும் நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன்.

"தம்பி, உன்கிட்ட ஒரு விஷயம்" என்று தொடங்கினேன்.

மேசைக்கு அடியில் அக்காவின் கால் என் கால்மேல் ஏறி அழுத்தியது.

"நான் சொல்றேன்" என்றார் அக்கா. "நீ எனக்கு வெத்தல வச்சத இவ அன்னைக்கே சொன்னா. நாந்தான் வேலை வேலைன்னு இருந்துட்டேன். மூத்தவ நான் ஒரு போன் போட்டிருக்கணும். தப்பு என்மேலதான்டா. மனசுல வச்சுக்காத."

நான் வாயைத் திறந்தேன். கால் இன்னும் அழுத்தியது. சிறிய உருவம்தான், என்ன பலம்.

தம்பி தட்டைப் பார்த்தபடியே, "சரி விடுங்கக்கா. நடந்தது நடந்துருச்சு" என்றான். பெரிய நண்டாகப் பார்த்து அக்காவின் தட்டில் வைத்தான். பெர்த் பற்றிக் கேட்டான், மூட்டுவலி பற்றிக் கேட்டான். எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் ஒரு தடவைகூட அக்காவின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. அவன் மனைவி முதல் தடவை வந்த விருந்தாளியைக் கவனிப்பதுபோலப் பார்த்துப் பார்த்துப் பரிமாறினாள். வெற்றிலை வைத்தது தெரிந்தும் வராமல் இருந்த ஒருவரை அவர்கள் பெரிய மனதோடு மன்னித்துக்கொண்டிருந்தார்கள். நான் நண்டு ஓட்டைக் கடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். கிளம்பும்போது அக்கா அவன் தலையில் கை வைத்தார். அவன் விறைப்பாக நின்றான்.

லெக்கீர் தாண்டி, இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம் மட்டுமே இருக்கிற நேர்ச்சாலை வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன்கா அப்படிச் சொன்னீங்க? நான் பண்ணின தப்ப நீங்க எதுக்குத் தூக்கிக்கிறீங்க?"

"ரோட்டப் பாத்து ஓட்டு."

"சொல்லுங்கக்கா."

"நான் இன்னைக்கு ஒம்பது மணிக்குப் பிளைட் ஏறிடுவேன். அவன் என்மேல வருத்தமா இருந்தா எனக்குப் பழகிப்போச்சு. உன்மேல வெறுத்துட்டான்னா? உன் வீட்டுக்காரருக்கு ஒண்ணுன்னா யாருக்குப் போன் போடுவ? இந்த வேன் நடு ரோட்டுல நின்னுச்சுன்னா யாரு ஓடி வருவா? நீங்க ரெண்டு பேருந்தான்டி இங்க இருக்கப் போறீங்க. எனக்கு அவன் கூப்பிட்டான்னு தெரிஞ்சா போதும். அது போதும் எனக்கு."

பேராக் ஆற்றின் பெரிய பாலத்தைத் தாண்டினோம். சபாக் பெர்ணம் வருவதற்குள் அக்கா வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டார். செகிஞ்சான் வயல்களைக் காட்ட வேண்டும் என்று திட்டத்தில் எழுதியிருந்தேன், எழுப்ப மனம் வரவில்லை. என் வீட்டுக்காரருக்கு முதுகு உடைந்து வேலையில்லாமல் கிடந்த காலத்தில், பொம்பளைக்கு எதுக்கு வேன் என்று எல்லோரும் சொன்னபோது, போய் லைசென்ஸ் எடு என்று சொன்ன ஒரே ஆள் இவர். பரீட்சையில் இரண்டு தடவை தோற்றபோது மூன்றாவது தடவைக்கு விடியற்காலையில் போன் போட்டு எழுப்பிவிட்டவர். நான் இவருக்கு என்ன செய்தேன்? இவருடைய வெற்றிலையைத் தின்றேன். இப்படி ஓர் அக்காவுக்குத் தங்கையாகப் பிறந்ததற்கு நான் என்ன புண்ணியம் செய்தேனோ என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன். கண் மறைத்தது, இரண்டு தடவை துடைத்துக்கொண்டேன்.

ஐந்தே முக்காலுக்கு ஏர்போர்ட். பெட்டியை இறக்கி வைத்தேன். அக்கா என்னைக் கட்டிக்கொண்டு காதருகில் சொன்னார். "நீ பாட்டுக்கு அவன்கிட்ட எதையாச்சும் உளறி வைக்காத. வாய மூடிக்கிட்டுச் சும்மா இரு. அதுதான் உனக்கு நல்லா வருமே."

கண்ணாடிக் கதவுக்குள் போய்த் திரும்பிக் கையாட்டினார். நான் கார் நிறுத்துமிடத்துக்கு வந்து வேனில் உட்கார்ந்தேன். சாவியைப் போடவில்லை. பத்து நிமிடம் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு தம்பியைக் கூப்பிட்டேன்.

"பெரியக்கா சொன்னது பொய்டா. நான் அவங்ககிட்ட சொல்லவே இல்ல. நீ குடுத்த வெத்தலையையும் நாந்தான் தின்னேன். நேத்து சாயங்காலந்தான் அவங்களுக்கே தெரியும். உனக்கும் எனக்கும் சண்டை வந்துறக் கூடாதுன்னு பழியத் தூக்கித் தன்மேல போட்டுக்கிட்டாங்க."

அவனுக்குப் பின்னால் தொலைக்காட்சி ஓடுவது மட்டும் கேட்டது.

"தம்பி?"

"ரெண்டு வருஷம் சின்னக்கா" என்றான். குரல் உடைந்திருந்தது. "இன்னைக்குக்கூட அவங்க மூஞ்சியப் பாத்து நான் பேசல."

"என்னைத் திட்டுடா."

"உன்ன அப்புறம் திட்டுறேன். பெரியக்கா ஏறிட்டாங்களா?"

"இல்ல. இன்னும் நேரமிருக்கு."

"போன வை" என்றான். வைத்துவிட்டான்.

என்ன செய்யப் போகிறானோ தெரியவில்லை. ஐந்து நிமிடம் பொறுத்து அவனை மறுபடி கூப்பிட்டேன். வேறொரு அழைப்பில் இருக்கிறான் என்று காட்டியது. பெரியக்காவைக் கூப்பிட்டேன். அவரும் வேறொரு அழைப்பில் இருந்தார். கால் மணி நேரம் விட்டு இருவரையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டேன். அப்போதும் அப்படியே. அரை மணி நேரம் ஆனது. அப்போதும் அப்படியே.

எனக்கு அழுகை வந்தது. பள்ளிப்பிள்ளைபோலச் சத்தம் போட்டு அழுதேன். பக்கத்துக் காரில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த மலாய்க்கார அம்மா பயந்துபோய் என் வேன் கண்ணாடியைத் தட்டினார். என்னக்கா, யாருக்கு என்ன ஆச்சு என்று மலாயில் கேட்டார். கண்ணாடியை இறக்கி, ஒன்றுமில்லை, என் அக்காவும் தம்பியும் போனில் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். அதற்கு ஏன் அழ வேண்டும் என்று அவருக்குப் புரிந்திருக்காது. கைப்பையிலிருந்து ஒரு டிஸ்யூ பாக்கெட்டை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.